எபிசோட் 41: மூச்சு எங்க எடுக்கணும்?

வழக்கமா இங்க கோடிங், கரியர், ஆஃபீஸ் அரசியல்னு பேசுவோம். இன்னிக்கு புல்லாங்குழல். இன்னும் மூணு வாரத்துல எனக்கு கர்நாடக சங்கீதத்துல இன்டர்மீடியட் தேர்வு இருக்கு. போன எபிசோட்ல போற போக்குல இதைச் சொன்னதுக்கு உங்ககிட்ட இருந்து ரெண்டு கேள்வி வந்துச்சு. "எப்படி ப்ரோ தயாராகறீங்க?" ஒண்ணு. "இந்த வயசுல எதுக்கு ப்ரோ பரீட்சை?" இன்னொண்ணு. முதல்ல முதல் கேள்வி.

தேர்வு நடத்துற அமைப்பைப் பொறுத்து சிலபஸ் கொஞ்சம் மாறும். பொதுவா இந்த லெவல்ல எதிர்பார்க்கிறது என்னன்னா, அடிப்படை வரிசைகள் மூணு காலத்துலயும் சுத்தமா வரணும். ஆதி தாள வர்ணங்களை ரெண்டு காலத்துல வாசிக்கணும். சில கிருதிகள். அப்புறம் ராக லட்சணம், தாளம் பத்தி வாய்மொழிக் கேள்விகள்.

நான் இப்ப தினமும் மல்லுக்கட்டிட்டு இருக்கிறது மோகன ராகத்து 'நின்னுக்கோரி' வர்ணத்தோட. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் இயற்றினது. 1988ல வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்துல சித்ரா பாடின 'நின்னுக்கோரி வர்ணம்' ஞாபகம் வருதா? அந்தப் பாட்டு பேர் சொல்ற வர்ணம் இதுதான். இளையராஜா அதையும் மோகனத்துலதான் போட்டிருக்கார்.

விரலுக்கு மோகனம் கஷ்டமில்ல. நம்ம குழல்ல விரல் வைக்கிற துளை எட்டு. வாய்ப்பக்கம் இருக்கிற முதல் ரெண்டையும் மூடினா ஸட்ஜம். அங்கிருந்து ஒவ்வொரு துளையா முழுசாத் திறந்தும் மூடியும் போனா வர்றது ஹரிகாம்போதியோட ஸ்வரங்கள். மோகனம் அதோட ஜன்யம். அதனால ரி, க, ப, த நாலுமே முழுத்துளை. மாயாமாளவகௌளை மாதிரி அரைத்துளை பிடிச்சு நிக்க வேண்டியதில்ல. கமகத்தை விட்டுட்டுப் பார்த்தா, கொஞ்ச நாள்ல விரல் படிஞ்சிடும். படியாதது மூச்சு.

ஒரு கணக்கு போடலாம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அதை ரெண்டு களையா, ஒரு தட்டுக்கு ஒரு செகண்ட்னு வெச்சா ஒரு ஆவர்த்தனம் 16 செகண்ட். வீணை வாசிக்கிறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. குழல்ல நடுவுல எங்கயாவது மூச்சு எடுக்கணும். எடுக்காம இழுத்தா காத்தோட வேகம் குறையும், சுருதி இறங்கும். பக்கத்துல தம்புரா ஓடிட்டு இருக்கிறதால அந்த இறக்கம் எல்லார் காதுக்கும் கேக்கும்.

சரி, எங்க எடுக்கிறது? எட்டு செகண்டுக்கு ஒரு தடவைன்னு லூப் போட்டா தாளத்துக்குப் பொருந்தும். வார்த்தைக்குப் பொருந்தாது. குழல்ல வார்த்தையே கேக்காதேன்னு நீங்க சொல்லலாம். இங்கதான் எங்க சார் வர்றார்.

சாருக்கு எழுபது தாண்டியாச்சு. இப்பல்லாம் அவரால சேர்ந்தாப்ல அஞ்சு நிமிஷம் வாசிக்க முடியறதில்ல. அதனால குழலை மடியில வெச்சுக்கிட்டு, வரியைப் பாடிக் காட்டுவார். நாங்க அதைக் கேட்டு ஊதணும். 'நின்னு'ன்னா தெலுங்குல 'உன்னை', 'கோரி'ன்னா 'விரும்பி'. முதல் நாளே அர்த்தம் சொல்லிட்டு ஒண்ணு கேட்டார்: "பேசும்போது 'உன்'னுக்கும் 'னை'க்கும் நடுவுல யாராவது மூச்சு வாங்குவாங்களாப்பா?"

அதுக்கப்புறம் என்னோட பயிற்சி முறையே இதுதான். முதல்ல வரியை அர்த்தத்தோட வாய்விட்டுச் சொல்றது. அடுத்து தாளம் போட்டுப் பாடறது. என் குரலைக் கேட்டா எங்க மாடி வீட்டு நாய்கூட எழுந்து போயிடும், பரவாயில்ல. பாடும்போது இயல்பா மூச்சு விழற இடத்துல பென்சிலால ஒரு சின்ன கோடு. அதுக்கப்புறம்தான் குழலைத் தொடறது. வார்த்தையோட எழுத்து ஆரம்பிக்கிற இடத்துல நாக்கால மெல்ல ஒரு 'து'. உயிரெழுத்து நீளற இடத்துல நாக்கு கிடையாது, விரல் மட்டும்.

ரெண்டாம் காலத்துக்கு இந்தக் கோடெல்லாம் அழிச்சுட்டு மறுபடி போடணும். அதே வரி பாதி நேரத்துல ஓடறதால பாதி கோடு தேவைப்படாது. அதே இடங்கள்லயே நின்னா வாசிப்பு திக்கித் திக்கி வரும். சிட்டை ஸ்வரத்துல வார்த்தை இல்லை. அங்க ஸ்வரக் கோர்வை எங்க முடியுதோ அங்கதான் மூச்சு.

இது எங்க சார் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. கும்பகோணம் சரப சாஸ்திரி குழலை தனிக் கச்சேரி வாத்தியமா நிறுத்தினார். அவருக்குப் பின்னால வந்த டி.ஆர். மகாலிங்கம், அதாவது மாலி, வாய்ப்பாட்டுல வர்ற கமகங்களைக் குழல்ல கொண்டு வந்தார். அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல ரொம்ப வருஷம் சொல்லிக்கொடுத்த டி. விஸ்வநாதன், கச்சேரி நடுவுல குழலை இறக்கி வெச்சுட்டு அதே வரியைப் பாடுவார். பதிவுகள் கிடைச்சா கேளுங்க. அவர் பாடினதும் வாசிச்சதும் ஒரே மூச்சுக்கணக்குல போகும்.

அடுத்து வாய்மொழிக் கேள்வி. இதுல என்னை மாதிரி ஆளுங்களுக்குப் பிடிச்சது கடபயாதி. மேளகர்த்தா ராகப் பேரோட முதல் ரெண்டு எழுத்தை எண்ணா மாத்தி, திருப்பிப் போட்டா ராகத்தோட நம்பர். மேசகல்யாணி: மே 5, ச 6. திருப்பினா 65. தீரசங்கராபரணம்: தீ 9, ர 2. திருப்பினா 29. 65ல 36ஐக் கழிச்சா அதே 29 வருது பாருங்க. ரெண்டு ராகத்துக்கும் மத்யமம் மட்டும்தான் வித்தியாசம். தமிழ்ல எழுதிப் படிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க: நம்ம 'த' ஒரே எழுத்துதான், ஆனா அந்தக் கணக்குல உச்சரிப்பைப் பொறுத்து 6, 7, 8, 9 நாலுல எதுவா வேணா இருக்கலாம். உச்சரிப்போட மனப்பாடம் பண்ணிக்கோங்க.

வேலையோட இதையெல்லாம் எப்படி? ராத்திரி எட்டு மணிக்கு மேல எங்க அப்பார்ட்மெண்ட்ல குழல் எடுக்க முடியாது, பக்கத்து வீட்ல கைக்குழந்தை. காலையில நாற்பது நிமிஷம்தான். பத்து நிமிஷம் நீள ஸ்வரம், மீதி வர்ணம். ஆனா ஆஃபீஸ் கேப்ல போகும்போது தொடையில தாளம் போட்டுட்டு, வரியை வாய்க்குள்ள ஓட்டலாம். பயிற்சியில பாதி அங்கதான் நடக்குது.

தேர்வு நாளுக்கு ஒரு டிப்ஸ். மூங்கில் குழலோட சுருதியை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஏசி ரூம்ல குளிர்ந்த குழல் சுருதி இறங்கி நிக்கும், ஊத ஊத சூடாகி ஏறும். அதனால கொஞ்ச நேரம் உள்ளே காத்து விட்டு சூடு பண்ணிட்டு, அப்புறம் சுருதிப்பெட்டியைக் குழலுக்கு ஏத்தமாதிரி வையுங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி. எதுக்கு பரீட்சை? இந்த சர்டிஃபிகேட்டால எனக்கு அப்ரைசல்ல ஒரு ரூபா ஏறப்போறதில்ல. என்கூட எழுதற ரெண்டு பேர் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிற பசங்க. "அண்ணா, நீங்க எந்த ஸ்கூல்?"னு ஒருத்தன் கேட்டே கேட்டுட்டான். விஷயம் என்னன்னா, சார் பரீட்சைக்கு அனுப்பற கடைசி செட் நாங்கதான்னு சொல்லிட்டார். இதை முடிச்சா கல்பனா ஸ்வரம் ஆரம்பிக்கலாம்னும் சொல்லியிருக்கார். அவர் பாடி நான் ஊதற வகுப்பு இன்னும் எத்தனை நாள்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. தேதி போட்ட ஒரு தேர்வு இருந்தா, "இந்த வாரம் ரிலீஸ் சார், அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்ல முடியாது. எனக்கு அந்தத் தேதிதான் வேணும்.

உங்கள்ல யாராவது வயலினோ, கீபோர்டோ, நாகஸ்வரமோ கத்துக்கிட்டு இருந்தா, இன்னிக்கு ராத்திரி வாத்தியத்தை எடுக்காதீங்க. இப்ப வாசிக்கிற உருப்படியோட முதல் வரிக்கு அர்த்தம் என்னன்னு உங்க டீச்சர்கிட்ட ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க. பதில் வந்ததும் ஒரு தடவை பாடிப் பாருங்க. அடுத்த வாரம் வழக்கம்போல வேலை விஷயத்தோட வர்றேன். பை மக்களே.