கேரித் தீவில் முகம் கொள்ளும் மூதாதையர்



பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானை அடைந்து, தென்திசையில் தெலுக் பங்ளிமா காராங் வரை சென்று, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், இருமருங்கும் செம்பனை மரங்கள் அடர்ந்து நிற்கும் கேரித் தீவினுள் பிரவேசிக்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர்த் தோட்டம் நிறுவிய ஆங்கிலேயர் கேரியின் பெயரைத் தாங்கிய இத்தீவு, நம்மவர் பலருக்குத் தம் பாட்டன் பாட்டியர் லயங்களில் வாழ்ந்து உழைத்த பூமியாகவே நினைவிலிருக்கிறது. ஆயினும், அத்தோட்டங்கள் தோன்றுமுன்பே இக்கரையோரக் காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள், தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடிப் பிரிவுகளுள் ஒன்றான மா மெரி மக்கள்.

அவர்களுடைய சுங்கை பும்புன் கிராமத்தில், ‘ஹரி மோயாங்’ என்னும் மூதாதையர் திருநாளன்று சாம்பிராணிப் புகை எழ, முன்னோர்க்குப் பிரார்த்தனை நிகழ்கிறது. ‘மாயின் ஜோ-ஓ’ என்னும் நிருத்தியம் இவ்வழிபாட்டோடு பிணைந்தது. மலையைக் குறிக்கும் சிறு மண்மேட்டைச் சூழ்ந்து, ஓலையால் முடைந்த ஆடையும் முடியும் அணிந்த பெண்கள் நிதானமான அடிவைப்பில் வட்டமிட்டு ஆட, முகமூடி தரித்த ஆடவர் உடன் ஆடி வருகிறார்கள். தரையில் மோதி ஒலியெழுப்பும் மூங்கிற் குழாய்களும், முரசும், சேமக்கலமும், இடையிடையே இழையும் வயலினும் அந்த ஆட்டத்திற்குத் துணை நிற்கின்றன.

முகமூடிகளைச் செதுக்குவது புலாய் என்னும் இலேசான மரத்தில். அது நம் பழந்தமிழ்ப் புலவர் அறிந்த ஏழிலைப்பாலையின் இனத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு முகமும் ஒரு மோயாங்கின், அதாவது ஒரு மூதாதையின், உருவம். ஒவ்வொன்றுக்கும் பெரியோர் வாய்மொழியாகச் சொல்லிவரும் ஓர் ஐதீகம் உண்டு. ஆகவே அம்முகத்தை அணிபவன், கண்ணுக்குப் புலப்படாத முன்னோருக்குத் தன் உடலையே ஈந்து, அவர் தம் சந்ததியார் நடுவே நடமாட வழிசெய்கிறான் என்றே நான் உணர்கிறேன்.

கடல்கள் பல கடந்த மேற்கு ஆப்பிரிக்காவிலும் இத்தகைய எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நைஜீரியா, பெனின் நாடுகளில் வாழும் யொருபா மக்கள், ‘எகுங்குன்’ ஆட்டத்தில் உடல் முழுதும் துணியால் மூடி வருபவரை, ஊருக்குத் திரும்பிய மூதாதையராகவே போற்றுகின்றனர். அவர்களுடைய ‘கெலெடே’ ஆட்டமோ, ஆடவர் முகமூடி தரித்துத் தாய்மாரின் சக்தியை வணங்குவது. யுனெஸ்கோ அதனை 2001இல் மனிதகுலப் பாரம்பரியச் செல்வமாகப் பிரகடனம் செய்தது.

நம் நாட்டில், கோம்பாக்கிலுள்ள பூர்வகுடி அருங்காட்சியகத்தில் மா மெரி மக்களின் சிற்பங்களைக் கண்டு வியக்கலாம். எனினும், சுவரில் தொங்கும் முகமூடி கைவண்ணத்தை மட்டுமே காட்டும். அதன் பொருள் விளங்குவது, வாத்தியம் முழங்க, அதன் கதையை அறிந்த மக்கள் சூழ, அது ஆடும்போதுதான். அந்தக் கதைகளைச் சொல்லும் பெரியோரும், கேட்டு வளரும் இளைஞரும், மரம் தரும் காடும் இருக்கும் வரையில்தான் இக்கலை உயிரோடிருக்கும்.

மறைந்தோர்க்குப் படையலிட்டு, குலதெய்வத்தின் முன்னே தலைதாழ்த்தும் நமக்கு இவ்வழிபாட்டின் உள்ளம் எளிதில் விளங்கும். ஆதலின் நேயர்களே, கிள்ளானுக்குச் செல்லும்போது கேரித் தீவுக்கும் செல்லுங்கள். அனுமதி பெற்று அவர்கள் ஆட்டத்தைக் காணுங்கள். செதுக்கியவர் கையிலிருந்தே சிற்பத்தை வாங்கி, அதன் வரலாற்றை அவர் வாயாலேயே கேளுங்கள். ஒரே தீவின் மண்ணில் தலைமுறைகளாக அண்டை அயலாராய் வாழ்ந்த நாம், அவர்களுடைய முன்னோரையும் அறிந்து மரியாதை செய்தல் நம் கடமையாகும்.