வரிக் கணக்கு வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

(திண்டிவனத்தில் பி.காம். மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

படிப்பு உதவி கேட்டு மனு கொடுக்க வரும் பிள்ளைகளில் பி.காம். படிப்பவர்கள் நிறைய. விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியில் படித்தாலும், இங்கே கோவிந்தசாமி கல்லூரியில் படித்தாலும் கடைசி வருடத்தில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா ஹஜ்ரத்?" கூட வரும் அத்தாமார்கள் இரண்டு கேட்கிறார்கள்: சம்பளம் எவ்வளவு? அது ஹலாலான வேலையா?

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எப்படிப் போவது, எங்கே நின்றுகொள்வது என்பதைச் சொல்லாமல் "போ" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில், வேலை இருக்கிறதா? நம் ஊர்களில் மற்ற ஊர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. காரணம் புதுச்சேரி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. தமிழ்நாட்டில் சரக்கு விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் விழுப்புரத்து ஹார்டுவேர் கடைக்காரர் 40 கிலோமீட்டரில் இருக்கிற புதுச்சேரிக்கு வரி உள்ள சரக்கை விற்றால், அது வெளிமாநில விற்பனை. அப்போது அந்த 40 லட்சச் சலுகை கிடையாது. பதிவு எடுத்தே ஆகவேண்டும். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் காம்பவுண்டிங் திட்டத்தில் இருப்பவர், வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. இ-வே பில்லைப் பாருங்கள். இங்கிருந்து சென்னைக்குப் போகும் 80 ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு அது தேவையில்லை, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை விலக்கு. அதே சரக்கு புதுச்சேரிக்குப் போனால் 50 ஆயிரத்தைத் தாண்டியதால் பில் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. நம் கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வண்டியை நிறுத்தி அபராதம் போட்ட பிறகுதான் தெரிகிறது.

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே இருக்கிறார்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் இரும்பு, பித்தளை, அலுமினியக் கழிவு வாங்கினால், பதிவு உள்ள கடைக்காரரே அதற்கான வரியைக் கட்ட வேண்டும். தள்ளுவண்டியில் கொண்டுவந்து எடை போட்டவர் கட்டமாட்டார், வாங்கிய நீங்கள் கட்டுகிறீர்கள். இதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள் நம் பிள்ளையாக இருந்தால் என்ன?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று மாறிவிட்டன. 12, 28 என்ற படிகள் பெரும்பாலும் போய்விட்டன. 1961ஆம் வருட வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடச் சட்டம். பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த முப்பது வருட அனுபவஸ்தரும் இப்போது புத்தகத்தைத் திறக்கிறார். புதிதாக வருகிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் அடிக்கடி அமையாது.

"எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்களே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான பயம். பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, 11ஆம் தேதிக்குள் ஒரு படிவம், 20ஆம் தேதிக்குள் இன்னொரு படிவம் என்று போடுவது, இதை மட்டும் நம்பிப் போகிறவனுக்குக் கஷ்டம்தான். போர்ட்டல் ஏற்கனவே பாதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆனால் இலாகாவிலிருந்து நோட்டீஸ் வந்தால்? வாங்கிய கணக்குக்கும் விற்றவர் காட்டிய கணக்குக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டால்? முப்பது நாளில் பதில் எழுத வேண்டும். அதற்குக் கடையின் கதை தெரிந்திருக்க வேண்டும், கல்லாப்பெட்டி தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை: முதல் வருடம் ரிட்டர்ன் போடக் கற்காதே, கணக்கு எழுதக் கற்றுக்கொள். சிட்டா, பேரேடு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது, வருடக் கடைசியில் இருப்புச் சரக்கு எடுப்பது. அடிக்கணக்கு சரியாக இல்லாதவன் போடும் ரிட்டர்ன், அஸ்திவாரம் இல்லாத மினாரா. வேலைக்குச் சேரும் ஆபீஸில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவிடுவீர்களா?" என்று கேள். முகத்தைப் பார்த்தாலே அது கற்றுக்கொடுக்கும் இடமா, டைப் அடிக்க ஆள் தேடும் இடமா என்று தெரிந்துவிடும்.

சம்பள விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருடம் மொபைல் கடையில் நிற்கும் பையன் உன்னைவிட அதிகம் வாங்குவான். வீட்டார் பொறுக்க வேண்டும். பி.காம். படித்தவர் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது, அதற்கு விதியில் தேர்வும் உண்டு. ஆனால் வரி ஆடிட்டில் கையெழுத்துப் போட சி.ஏ. முடித்தவரால்தான் முடியும். பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர்கள் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆபீஸ் பயிற்சியும் இப்போது இரண்டு வருடம்தான். கடினமான தேர்வு, பலமுறை எழுதுகிறவர்கள் உண்டு. 55க்கு மேல் வைத்திருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து அவசரப்பட்டு வேலைக்குத் தள்ளாதீர்கள். முயற்சி செய்து பார்க்கட்டும்.

வளைகுடாவுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. அமீரகமும் சவூதியும் 2018 ஜனவரி 1 முதல் வாட் வரி வாங்குகின்றன. ஐந்து சதவீதத்தில் தொடங்கிய சவூதியில் 2020 ஜூலை முதல் 15. வரியே இல்லாத தேசம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த அமீரகத்தில் 2023 ஜூன் முதல் கம்பெனி லாபத்துக்கும் வரி. இங்கே ஜிஎஸ்டியை ஒழுங்காகக் கற்றவனுக்கு அங்கே வாட் அந்நியமாக இருக்காது.

இப்போது அத்தாமார்களின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது? பகரா சூராவின் 282வது ஆயத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றி, எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டியது பற்றி. கணக்கெழுதுவது நம் தீனுக்குப் புறம்பான தொழில் அல்ல. நம் தாலுகா ஆபீஸ் வார்த்தைகளையே பாருங்கள். வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி, தாசில்தார், ஜப்தி எல்லாம் அரபியும் பார்சியும் கொடுத்தவை. வார்த்தை நம் மதரஸா பிள்ளைக்குப் புரிகிறது, நோட்டீஸ் மட்டும் புரியவில்லை என்றால் எப்படி?

வட்டி விஷயம் உண்மையான சங்கடம். வட்டி வாங்குபவர், கொடுப்பவரோடு அதை எழுதுகிறவரையும் சேர்த்துக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எந்தக் கடைக் கணக்கை எடுத்தாலும் பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி ஒரு வரி இருக்கும். கடன் பத்திரத்தை எழுதிக் கொடுப்பதும், நடந்து முடிந்ததை அரசுக்குக் காட்டப் பதிவதும் ஒன்றா என்பதில் ஆலிம்களிடம் ஒரே கருத்து இல்லை. எனக்கு இரண்டும் வேறாகவே படுகிறது. ஆனால் நான் முஃப்தி அல்ல. உங்கள் மஹல்லா ஆலிமிடம், என்ன வேலை என்பதை விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். வட்டிக்கடைக் கணக்கையே முழுநேரம் பார்க்கும் வேலையைத் தவிர்க்கச் சொல்வேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் பெற்றோர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அது வட்டியைவிட அருகில் நிற்கிறது. சரக்கே வராமல் பில் மட்டும் வாங்கி வரிக்கழிவு எடுப்பது. இரண்டு நோட்டு வைப்பது. "கொஞ்சம் குறைத்துப் போடு தம்பி, எல்லோரும் செய்வதுதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார் முதலாளி. அவர் நம் ஜமாஅத்காரராகவே இருக்கலாம், முதல் ஸஃப்பில் நிற்பவராகவும் இருக்கலாம். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று வாங்கிய பணம் கடைக்காரரின் பணம் அல்ல, அமானிதம். அதை மறைக்கக் கையைக் கொடுத்தவனுக்கு மறுமை இருக்கட்டும், இங்கேயே சட்டம் இருக்கிறது. ஐந்து கோடிக்கு மேல் போலிக் கழிவு என்றால் ஐந்து வருடம் வரை சிறை. செய்யத் தூண்டி அதில் ஆதாயம் அடைந்தவருக்கும் அது பொருந்தும். எனவே வேலையில் சேரும் முன்பே முடிவுசெய்துகொள்: எதை எழுதமாட்டேன்? சேர்ந்து ஆறு மாதம் கழித்து, வீட்டில் அக்கா கல்யாணம் நிச்சயமான நேரத்தில் யோசித்தால் அந்த முடிவு வராது. பெற்றோரே, பிள்ளை அப்படி ஒரு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் திட்டாதீர்கள். அந்த மூன்று மாதம் அந்த வீட்டை டிரஸ்ட் பார்க்கும். கமிட்டியில் பேசி ஒத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

நமக்கே இவர்கள் தேவை. 2025 ஜூன் 6 அன்று வக்ஃப் சொத்துகளைப் பதிய உமீத் போர்ட்டலைத் திறந்து ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பத்திரத்தைப் படித்து, சர்வே எண் பார்த்து, வரவு செலவோடு ஏற்றத் தெரிந்த ஒருவரைத் தேடி முத்தவல்லிகள் அலைந்தார்கள். ஜகாத்தும் அப்படித்தான். கடை இருப்பை மதிப்பிட்டு, கடனைக் கழித்து, சந்திர வருடத்துக்குக் கணக்குப் போட வேண்டும். ஏப்ரல்-மார்ச் கணக்கை அப்படியே எடுத்தால் வருடத்துக்குப் பதினோரு நாள் தள்ளிப்போகும். பலர் உத்தேசமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிறார்கள்.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. மாதாந்தர ரிட்டர்ன் வேலையில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தும் செய்யலாம். ஆனால் முதல் இரண்டு வருடமாவது ஆபீஸுக்குப் போய்க் கற்க விடுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் மார்க் ஷீட் நகலோடு டிரஸ்ட் ஆபீஸுக்கு வந்து பெயர் கொடுங்கள். நமக்குத் தெரிந்த ஆடிட்டர்களிடம் அழைத்துப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். மாதம் 20ஆம் தேதி கழித்து வாருங்கள். அதற்கு முன்னால் அவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.