கல்லுக்குள் இருக்கிற புகை



ஹைட்ரஜன், கார்பன் பிடிப்பு என்ற பேச்செல்லாம் நம் பாளையம்பட்டிக்கு எதற்கு என்று சில பேர் கேட்டீர்கள். நமக்குத்தான் முதலில் வேண்டும் என்கிறேன். அந்தா, தெற்கே பந்தல்குடி. அந்த மண்ணுக்கடியில் கிடக்கிற சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, விருதுநகருக்குத் தெற்கே ஆர்.ஆர்.நகரில் இருக்கும் ராம்கோ ஆலையில் சிமெண்டு ஆக்குகிறார்கள். நம் வீட்டுத் தளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி எல்லாம் சிமெண்டில் நிற்பவை. சிமெண்டு வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லமுடியாது.

ஆனால் ஒரு கணக்கு கேளுங்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 1000 கிலோவைச் சுட்டால் மிஞ்சுகிற சுண்ணாம்பு 560 கிலோதான். மீதி 440 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. எரிக்கிற நிலக்கரியின் புகையை இதில் நான் சேர்க்கவே இல்லை. இந்த 440 கிலோ கல்லுக்குள்ளேயே இருந்தது. ஒரு சிமெண்டு ஆலை வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்து வருவது. நிலக்கரியை நிறுத்திவிட்டு ஹைட்ரஜனையே எரித்தாலும் அந்த 60 குறையாது. உலகத்தின் மொத்தக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அந்த வாயு பூமியைச் சூடாக்கி மழையைத் தடுமாற வைக்கிறது. மழையை நம்பிக் கரிசலில் விதைக்கிற நமக்கு இந்தக் கணக்கு விளையாட்டல்ல.

இரும்பின் கதை வேறு. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரியைப் போட்டால் கரியமில வாயு வரும். ஹைட்ரஜனைப் போட்டால் தண்ணீர் வரும். அப்படிச் செய்த உருக்கை 2021-இலேயே சுவீடன்காரர்கள் வோல்வோ கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இரும்புக்கு ஹைட்ரஜன். சிமெண்டுக்கோ, வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்தாக வேண்டும்.

பிடிக்க முடியுமா? நம் நாலுவழிச் சாலை போய் முடிகிற தூத்துக்குடியில் பிடித்தார்கள். தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு 2016-இல் ஓடத் தொடங்கியது. கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் ரசாயனத் திரவம்தான் அங்கே வாயுவைப் பிடித்தது. அரசு மானியம் இல்லாமலே நடந்ததால் உலகமே திரும்பிப் பார்த்தது. பிடித்த வாயுவை உப்போடும் அம்மோனியாவோடும் சேர்த்துச் சோடா ஆஷ் செய்தார்கள்.

இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தச் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால், பிடித்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் புதைக்க வேண்டும். நார்வேயில் பிரெவிக் என்ற ஊரின் சிமெண்டு ஆலை அதைத்தான் செய்கிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடித்து, கப்பலில் ஏற்றி, வட கடலின் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிற ஏற்பாடு. 2025-இல் திறந்தார்கள். அந்த அரசு பெரும்பணம் போட்டது. இங்கே அரியலூரில் டால்மியா நிறுவனம் 5 லட்சம் டன் பிடிப்போம் என்று 2019-இல் அறிவித்தது. அறிவிப்புகள் ஆலைகளாக வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து, கல்லைச் சுட்டு எடுக்கிற கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கிற எல்சி3 என்ற சிமெண்டு இருக்கிறது. சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கியது. 2023-இல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது. 30 முதல் 40 சதவீதம் கரியமில வாயு குறைகிறது.

கடைசியாகத் தண்ணீர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது 9 லிட்டர் நல்ல தண்ணீரும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். மின்சாரத்துக்குக் குறைவில்லை, பக்கத்துக் கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. தண்ணீர்தான் நம்மிடம் இல்லை. குண்டாற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தூத்துக்குடியில் ஹைட்ரஜன் ஆலைகள் வரப்போகின்றன. துறைமுகத்தில் 2025-இல் சிறிய அளவில் தொடங்கியாயிற்று. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ நாலு யூனிட் மின்சாரம் போதும். கிலோவுக்கு 50 யூனிட் செலவழிக்கிறவர்களுக்கு அது ஒரு செலவே இல்லை. ஆகவே தாமிரபரணியிலும் கண்மாயிலும் கை வைக்க எவருக்கும் நியாயம் கிடையாது.

இரண்டு கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்து அரசுக் கட்டடங்களுக்கு எல்சி3 சிமெண்டு வாங்க வேண்டும். ஹைட்ரஜன் ஆலைகளுக்குக் கடல்நீர் மட்டும் என்று அரசாணை வேண்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறது. படித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.