இலைக்கு விலை உண்டு, பாட்டுக்கு?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக மலையேறினால் போனக்காடு. அகஸ்தியர்கூடம் செல்லும் யாத்திரிகர்கள் நடையைத் தொடங்கும் இடம். 1868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை அகத்திய முனிவரின் வாசஸ்தலமாக நாம் வணங்குகிறோம். அதைச் சுற்றியுள்ள காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் காணிக்காரர்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு என்பதே என் பேச்சின் சாரம்.

1987இல் அம்மலைக்கு ஆய்வுக்காகச் சென்ற விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிகளோ ஒரு சிறு காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. டாக்டர் புஷ்பாங்கதன் குழுவினர் பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனத்தில் அதை ஆராய்ந்து, 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு அதன் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகமே பாராட்டிய ஏற்பாடு இது.

ஆனால் பணம் வந்தது இலைக்குத்தான். வித்தை இலையில் மட்டுமா இருக்கிறது? காணிகளின் வைத்தியர் பிலாத்தி. அவர் கொக்கரை என்னும் இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவார். செவிவழி வந்த செல்வம் அது. வேதத்தை வாய்மொழியாகவே காத்து வந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. திருப்பிச் சொல்ல ஒரு சிஷ்யன் இல்லாவிட்டால் எல்லாம் அந்தத் தலைமுறையோடு சரி!

அதே வட்டாரத்தில் கல்லாறு வனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா, தாயிடமிருந்து மூலிகை வைத்தியம் கற்றவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். விருது அவருக்குப் பெருமை. ஆனால் வித்தைக்கு ஆயுள் தருபவர்கள், அருகில் அமர்ந்து கற்கும் குழந்தைகளே. மலைக் குடியிருப்புப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் ஊர் முதியவரே ஆசிரியராக அமர்ந்தால், அதைவிடச் சிறந்த அறக்கட்டளை ஏது?

நம் வீடுகளிலும் இதே நிலைதான். நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் இன்று ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் பத்திரமாக இருக்கின்றன; பேத்தியின் தொண்டையில் இல்லை. ஆகவே ஒரு விண்ணப்பம். நம் மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி ஒதுக்குவோம். பாட்டிமார் ஒரு வரி சொல்லட்டும், குழந்தைகள் இரு முறை திருப்பிச் சொல்லட்டும். செலவு ஒன்றுமில்லை, பாய் விரித்தால் போதும்.