கிழக்கு பார்த்த மலை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் பூங்காவுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி, கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் ஜாக்சன் ஏரி. ஏரிக்கு மேற்கே டீட்டன் மலைத்தொடர். கிழக்குக் கரையில் கோல்டர் பே, சிக்னல் மவுன்டன் என்று கூடாரம் அடிக்கும் திடல்கள். காரில் வந்து, சாலையோரம் நிறுத்தி, மலையைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் மலையைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. மீதிப் பாதிக்கு அந்தக் கரையில் ஓர் இரவு படுத்து எழுந்திருக்க வேண்டும்.

காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. டீட்டன் தொடர் தெற்கு வடக்காகச் சுமார் 65 கிலோமீட்டர் நீளம். அதன் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிப் பூமியில் ஒரு பிளவு ஓடுகிறது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளாக, நிலநடுக்கத்துக்கு நிலநடுக்கம், பிளவின் மேற்குப் பக்கம் எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால்தான் அடிவாரக் குன்றுகள் எதுவும் இல்லாமல், சமதரையிலிருந்து மலை செங்குத்தாகக் கிளம்புகிறது. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்கு மேல் 2,064 மீட்டர், அதாவது நம் கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே. கிராண்ட் டீட்டன் சிகரம் 4,199 மீட்டர். இந்தச் சுவர் முழுக்கக் கிழக்கு பார்த்து நிற்கிறது. ஆகவே காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுகிறது. மதியத்துக்குப் பிறகு சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கினால், பார்க்கிறவர் கண்ணில் வெளிச்சம் கூசும். மலை வெறும் கறுத்த உருவமாகிவிடும். கோடை மதியங்களில் காற்றும் இடிமழையும் வேறு அடிக்கடி வரும். ஏரி அலையடித்து, நீரில் தெரிந்த பிம்பம் கலைந்துபோகும்.

விடியலில் கோல்டர் பே கரையில் நின்றால் நேரெதிரே இருப்பது 3,842 மீட்டர் உயர மோரன் மலை. அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைக் காணலாம். 270 கோடி ஆண்டுப் பழைய பாறையில் விழுந்த விரிசலுக்குள் பிற்காலத்தில் உருகிய பாறைக்குழம்பு புகுந்து இறுகியதுதான் அது. உச்சியில் வெளிறிய தொப்பி போல ஒரு மணற்கல் துண்டு. ஒரு காலத்தில் கடலோர மணலாகக் கிடந்தது. அதே மணற்கல் அடுக்கின் மறுபாதி கிழக்கே தாழ்ந்த பள்ளத்தாக்கின் அடியில் வெகு ஆழத்தில் புதைந்திருக்கிறது. மலை எவ்வளவு எழுந்தது, தரை எவ்வளவு இறங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதல் வெயில் அந்தத் தொப்பியில் பட்டு, இளஞ்சிவப்பாகி, பட்டையின் வழியே கீழே இறங்கி வரும். உச்சிவெயிலில் இந்தக் கறுப்புக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் இவ்வளவு துலங்குவதில்லை.

இதற்குக் கூடாரம் எதற்கு, விடுதியில் தங்கினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஜாக்சன் நகரத்து விடுதியிலிருந்து கோல்டர் பே வர ஒரு மணி நேரம்போல ஆகும். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். பூங்காவுக்குள்ளேயே 1955-இல் திறந்த ஜாக்சன் லேக் லாட்ஜ் இருக்கிறது; அதன் கூடத்தில் மலையைப் பார்த்த மாபெரும் கண்ணாடிச் சன்னல்கள். முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அதுவே சரி. ஆனால் அந்த விடுதி கரையில் இல்லை, மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து புதர்வெளிக்கு அப்பால் ஏரி தூரத்தில்தான் தெரியும். திடலில் படுத்தவரோ பைன் மரங்களுக்கிடையே சில நிமிடம் நடந்தால் தண்ணீரில் கை நனைக்கலாம்.

குளிரும் கரடியும்? இரண்டும் உண்மை. ஜூலை இரவிலும் 5 டிகிரி வரை இறங்கும். கதகதப்பான உறக்கப்பையும் தரையில் விரிக்கக் கனத்த பாயும் இல்லாமல் தூங்க முடியாது. கரடிக்கான ஏற்பாடு விதிமுறையிலேயே இருக்கிறது. உணவு, சமைத்த பாத்திரம், குப்பை, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. பூட்டிய காருக்குள் வைக்கலாம், இல்லையென்றால் திடலில் உள்ள இரும்புப் பெட்டியில் வைக்கலாம். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாள் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். மனித விரல் உள்ளே போய்த் தூக்கும். கரடியின் பாதம் நுழையாது. மனிதச் சோற்றை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. விதி நம்மைவிட அதற்காகவே என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: இந்த ஏரி இயற்கையே அல்ல, அணை என்பார்கள். பாதி சரி. பனியாறு குடைந்த ஏரி அங்கே முன்பே இருந்தது. 1907-இல் மரத்தால் கட்டிய அணை 1910-இல் உடைந்தது. பிறகு கான்கிரீட்டில் எழுப்பி, 1916-க்குள் நீர்மட்டத்தை 12 மீட்டர்போல உயர்த்தினார்கள். தண்ணீர் இடாஹோ விவசாயிகளுக்குப் போகிறது. வறண்ட ஆண்டின் கோடைக் கடைசியில் கரை விலகி, சேறும் கூழாங்கல்லும் தெரியும். அழகு குறையும், மறுப்பதற்கில்லை. இயற்கையாக இல்லாத ஒன்றை ரசிக்கக் கூடாது என்றால் நாம் எத்தனையோ ஏரிகளை விட்டுவிட வேண்டியிருக்கும். தவிர, நம் வாதம் மலையின் திசையைப் பற்றியது. அணை அதை மாற்றவில்லை. தண்ணீர் நிறைந்திருக்கும் ஜூன், ஜூலையில் போனால் போதும். செப்டம்பரில் போகிறவர்களுக்குத் தண்ணீர் குறைந்தாலும் எல்க் மான்கள் இரவில் பிளிறுவதைக் கூடாரத்துக்குள்ளிருந்தே கேட்கலாம்; அந்த மாத இறுதி வாக்கில் கோல்டர் பே திடலை மூடிவிடுவார்கள். கோல்டர் பேயில் முந்நூறுக்கு மேல் இடங்கள் இருந்தும் கோடையில் நிரம்பிவிடுகின்றன. இணையத்தில் ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்குகிறது. ஜூலைக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும்.