நாற்றைப் பிடுங்கி வேர் பார்த்தல்

(கூட்டுறவு முகாமையாளரும் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

தமக்குக் கீழே பணிபுரிவோரின் வேலை எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை ஒரு தலைவர், அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு நில்லாமல், எவ்வாறு அறிந்துகொள்வது என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருளாகும். இது கந்தோர்க்காரருக்குரிய பேச்சு என்று கமக்காரர் எண்ணிவிட வேண்டா. வயலை ஆளிடம் விட்டுவிட்டுப் பட்டினத்தில் இருப்பவருக்கும், பத்துப் பேரை நடவுக்கு விட்டு வரம்பில் நிற்பவருக்கும் இதே கேள்விதான் உண்டு. நிலத்துக்குரியவன் சென்று பாராதிருந்தால் நிலம் அவனோடு ஊடிவிடும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்திலே சொல்லி வைத்தார். சென்று பார்க்கச் சொன்னாரே தவிர, நட்ட நாற்றைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கச் சொன்னாரில்லை. நம்மவருட் பலர் செய்வது இந்த இரண்டாவது காரியத்தையே.

நாம் முன்னொருகாற் பணியாற்றிய ஒரு நிலையத்தைச் சொல்லுகின்றோம், பெயர் வேண்டா. அங்கே மேலாளர் நாள்தோறும் மூன்று அறிக்கை கேட்பார். காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. பத்திரத்தில் 18 நிரல்கள். இலிகிதர்கள் பாதி நாளை வேலை செய்வதிலும், மீதிப் பாதியை வேலை செய்ததாக எழுதுவதிலும் கழித்தார்கள். அக்காலத்தில் களஞ்சியத்தில் விதை வெங்காயம் இருந்தது. கூரையில் ஓடு விலகி மழைநீர் இறங்குவதைக் களஞ்சியக்காரர் முதல் நாளே கண்டார். பத்திரத்தில் இருப்பின் நிறைக்கு நிரல் இருந்தது. ஓட்டுக்கு நிரல் இல்லை. பகுதித் தலைவரிடம் சொன்னார். "ஐயாவிடம் இப்போது போனால் ஏச்சுத்தான் கிடைக்கும், மழை விடட்டும்" என்றார் அவர். இரண்டு வாரம் நாளுக்கு மூன்று முறை நிறை எழுதப்பட்டது. நாற்றம் வீதி வரை வந்த பின்னரே மேலாளருக்குச் செய்தி போயிற்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? பத்திரத்தில் 19ஆம் நிரலைச் சேர்த்தார்!

அவர் கெட்டவரல்லர், பயந்தவர். மேலிடத்தில் யாராவது கேட்டால் விடையின்றி நிற்க நேருமே என்று பயந்தார். நாமும் பின்னர் ஒரு பகுதிக்குப் பொறுப்பானபோது முதல் ஆண்டில் அதே வழியையே பின்பற்றினோம் என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்ளுதல் முறை.

வேறு வழி உண்டா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ற்ஸ்வில் நகரில், சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சற்றேர்ண்-5 றொக்கற்றை உருவாக்கிய மார்ஷல் நிலையம் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பணிப்பாளராய் 1970 வரை இருந்தவர் வேர்ணர் வொன் பிறவுண். இவரை நாம் புகழ வரவில்லை. ஹிட்லரின் நாசிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் இருந்தவர், இவருடைய வீ-2 எறிகணையைச் செய்யச் சிறைமுகாம்களில் வருத்தப்பட்டு மாண்டோர் பல்லாயிரவர். ஆயினும் அவர் ஹன்ற்ஸ்வில்லிற் கைக்கொண்ட ஒரு வழக்கம் நமக்குப் பயன்படும்.

அந்நிலையத்தில் 7,000க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். பணிப்பாளர் ஏறக்குறைய 24 பகுதித் தலைவர்களிடம் வாரத்துக்கு ஒரு தாள் கேட்டார். திங்கட்கிழமை வந்து சேரவேண்டும். ஒரு பக்கத்துக்கு மேற் போகலாகாது. நிரல் இல்லை, பத்திரம் இல்லை. அந்த வாரம் என்ன நடந்தது, எது இடர்ப்படுகின்றது என்பதை அவரவர் தம் சொல்லில் எழுத வேண்டும். அவர்களுட் பலர் அவருக்கு நேர்கீழே இருந்தவரல்லர். இன்னும் ஒரு படி கீழே இருந்தவர்கள். ஆகவே இடையில் நின்று செய்தியை இனிப்பாக்கி அனுப்ப ஆள் இல்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. அவர் அத்தாள்களின் ஓரத்தில் தம் கைப்படக் குறிப்பெழுதினார்: ஒருவருக்குக் கேள்வி, ஒருவருக்குப் பாராட்டு, ஒருவருக்கு "இன்னாரோடு பேசுக" என்ற யோசனை. பின்னர் எல்லாத் தாள்களையும் அக்குறிப்புகளோடு சேர்த்துப் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எஞ்சின் பகுதியார் எதிலே முட்டுப்படுகின்றார் என்பதை மற்றப் பகுதியார் அறிந்தனர். தாம் எழுதியது வாசிக்கப்பட்டது என்பதை எழுதியவர் கண்ணாற் கண்டார். நமது கந்தோர்களில் அனுப்பிய அறிக்கை கிணற்றில் எறிந்த கல். விழுந்த சத்தமும் கேளாது. பின்னர் எவன் உண்மையை எழுதுவான்?

இதே மார்ஷல் நிலையந்தான் பிற்காலத்தில் விண்ணோடத்தின் உந்து றொக்கற்றுகளுக்கும் பொறுப்பாயிருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் நான்கு படிகளாகப் பரிசீலனை. தாளுக்கும் கூட்டத்துக்கும் குறைவில்லை. 1986 ஜனவரி 27ஆந் திகதி இரவு, றொக்கற் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள், ஏறக்குறைய 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் இணைப்பு வளையங்கள் சரியாக அடையா, ஆகவே ஏவலாகாது என்று தொலைபேசிக் கூட்டத்திற் சொன்னார்கள். நிலையத்து அதிகாரிகள் மறுத்துக் கேட்கவே, கம்பனியின் மேலாளர்கள் தம் பொறியியலாளரின் சொல்லைத் தள்ளிவிட்டு இணங்கினார்கள். முதலில் எழுந்த அந்த மறுப்பு, ஏவுதற்கு இறுதி அனுமதி அளித்த மேலிடத்தாருக்குத் தெரிவிக்கப்படவேயில்லை. மறுநாள் சலஞ்சர் 73 விநாடியில் உடைந்தது, எழுவர் மாண்டனர். சொன்னவர் இருந்தார்கள், மேலே போக வழி இருக்கவில்லை.

கமக்காரர் இப்பாடத்தை நீரிலே படித்திருக்கின்றார்கள். காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், துருசு திறக்கும் நாளும், விதைப்பு முடியும் நாளும், எத்தனை ஏக்கர் என்பதும் எல்லோர் முன்னிலையிலும் தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே அதன் பின் நாள்தோறும் விசாரிக்க வேண்டியதில்லை. குறித்த நாள் தவறினால் கேள்வி தானே எழும். ஆனால் யாரிடம் கேட்பது? துருசுக்காரரிடம் கேட்டால் எத்தனை அங்குலம் திறந்தார் என்பது தெரியும். வாய்க்காலின் கடைசிப் பங்குக்காரரிடம் கேட்டாலன்றோ நீர் வந்ததா என்பது தெரியும்? கல்லோயா இடதுகரையில் 1981 முதல் வயல்வாய்க்காற் குழுக்கள் அமைக்கப்பட்டு, கமக்காரரின் பிரதிநிதிகள் அதிகாரிகளோடு ஒரே குழுவில் அமர்ந்தபோது, கடைசி வயல்களுக்கும் நீர் முன்னையினும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதிகாரி வாய்க்காலை நாள்தோறும் அளந்ததனாலன்று, கடைசி வயற்காரரின் சொல் அவர் மேசைக்கு வந்ததனால்.

இங்கே வந்திருக்கும் முகாமையாளர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். வரும் மாதம் உங்கள் பத்திரங்களுள் ஒன்றையாவது நிறுத்துங்கள். அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை ஒரு தாள் கேளுங்கள், களஞ்சியக்காரரிடமும் கேளுங்கள். புதன்கிழமைக்குள் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுங்கள். முதன்முதல் ஒருவர் கெட்ட செய்தி எழுதும் நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கின்றது என்பதைக் கந்தோர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும், அன்று "ஏன் இப்படி நடந்தது?" என்று தொடங்காமல் "நாம் என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். நாற்பது பேருக்கு மேற்பட்ட இடத்தில் எல்லாத் தாளையும் தாமே வாசிக்க இயலாதே என்பீர்கள். அது உண்மையே. அங்கே பகுதித் தலைவர்களோடு இன்னும் ஒரு படி கீழிருப்போரையும் சேர்த்துக்கொண்டு, எழுதுவோர் தொகையைச் சுருக்க வேண்டியதுதான்.

நேரமாயிற்று. கேள்விகள் இருப்பின் கேட்கலாம். கடைசி வாங்கில் இருப்பவர்கள் முதலிற் கேட்பது நன்று.