கடையை எப்போது அடைப்பது?



வாரத்தில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்று கணக்கிட்டதுண்டா? ஆலைத் தொழிலாளிக்கு 48 மணி நேரமே எல்லை என 1919ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் வகுத்தது. சொந்தக் கடை நடத்துவோருக்கோ எல்லை வகுப்பார் எவருமில்லை. நாள்தோறும் 14 மணி நேரம் கடையிலிருந்தால் வாரத்திற்கு 98. உறக்கம் 49. எஞ்சுவது 21. தொழுகை, உணவு, குளியல், போக்குவரத்து யாவும் அதற்குள்ளேதான். பிள்ளைகளுக்கு எது மிச்சம்?

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவர்தம் துணைவியார் பழைய ஆடையில் வாட்டமுற்றிருக்கக் கண்டார்கள். கணவரோ பகலில் நோன்பிலும் இரவில் தொழுகையிலும் மூழ்கியிருந்தார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, அவரவர்க்குரியதை வழங்கிவிட வேண்டும் என ஸல்மான் (ரலி) எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனை உண்மையென ஏற்றதாகப் புகாரியில் காண்கிறோம்.

வணக்கமே குடும்பத்தின் உரிமையைப் பறிக்கலாகாதெனில், வியாபாரம் பறிக்கலாமா?

சோம்பியிருக்கச் சொல்லவில்லை. ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு அல்குர்ஆன் (62:10) பணிக்கிறது. கடன்பட்டவருக்கு 60 மணி நேரமும் தேவைப்படலாம். கடனற்றவர் இரண்டாவது கடைக்காக இரவையும் விற்பானேன்? இன்றிரவே மனைவி மக்களுடன் மஷூரா செய்து, கடை அடைக்கும் நேரத்தைத் தீர்மானியுங்கள்.